டிரேடிங் மென்பொருளுக்கு டெலிகிராம் அறிவிப்பு: 'சாட் நாட் ஃபவுண்ட்' பிழையும் அதன் பிறகு வரும் வேலைகளும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கிரிப்டோவைத் தானாக வாங்கி விற்கும் ஃப்ரீக்டிரேட் மென்பொருளை வாடகை சர்வர் ஒன்றில், நிரலைத் தனிப் பெட்டிக்குள் ('கன்டெய்னர்') வைத்து இயக்கும் டாக்கர் வழியாக ஓட்டுகிறீர்கள். டெலிகிராமில் பாட் (தானியங்கிக் கணக்கு) உருவாக்கி, அதன் ரகசியச் சாவியான டோக்கனையும் உரையாடலின் எண்ணான சாட் ஐடியையும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் எழுதிய பிறகும் லாகில், அதாவது மென்பொருளின் பதிவேட்டில், 'சாட் நாட் ஃபவுண்ட்' (உரையாடல் கிடைக்கவில்லை) என்றே வருகிறது. அது சரியானபின் எந்தெந்த அறிவிப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்றும், இதையே வாட்ஸ்அப்பில் செய்ய முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உங்கள் பாட்டை நீங்கள் இன்னும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. டெலிகிராமில் எந்த பாட்டும் தானாகப் போய் ஒருவரிடம் பேச்சைத் தொடங்க முடியாது. நீங்கள் அதன் பெயரைத் தேடித் திறந்து 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை அந்த பாட்டைப் பொறுத்தவரை உங்கள் உரையாடல் என்ற ஒன்றே கிடையாது. புது பாட்களைப் பதிவுசெய்து தரும் பாட்ஃபாதரிடம் போய் உருவாக்கினேனே என்று பலர் வாதாடுவார்கள். பாட்ஃபாதர் வேறு, அது பெற்றுக்கொடுத்த பிள்ளை வேறு. இரண்டிடமும் தனித்தனியாக 'ஸ்டார்ட்' கொடுக்க வேண்டும்.

அழுத்திய பிறகும் அதே பிழை வந்தால் எண் தவறு. டோக்கனில் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஓர் எண் இருக்கிறதே, அதைச் சாட் ஐடி என்று நினைத்து எழுதுகிறவர்கள் ஏராளம். அது பாட்டின் சொந்த அடையாள எண். உங்களுக்கு வேண்டியது உங்களுடைய எண். அதைக் கண்டுபிடிக்க, ஃப்ரீக்டிரேட்டை முதலில் நிறுத்திவிட்டு, பாட்டுக்கு ஏதாவது ஒரு வார்த்தை அனுப்புங்கள். பிறகு உலாவியில், நிரல்கள் டெலிகிராமோடு பேசும் ஏபிஐ முகவரியைத் தட்டச்சு செய்து, சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலத்தில் 'பாட்' என்ற சொல்லையும் இடைவெளி விடாமல் அதை ஒட்டியே டோக்கனையும், மறுபடி ஒரு சாய்கோட்டுக்குப் பின் 'கெட்அப்டேட்ஸ்' என்பதையும் போடுங்கள். 404 வந்தால் அந்த 'பாட்' என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள் அல்லது டோக்கனில் எழுத்து விடுபட்டிருக்கிறது. சரியாக வந்தால் நீங்கள் அனுப்பிய வார்த்தையும், அதற்கு மேலே 'சாட்' என்ற பகுதிக்குள் உங்கள் ஐடியும் தெரியும். கான்ஃபிக் கோப்பில் அதை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

ஃப்ரீக்டிரேட்டை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது டெலிகிராமை விடாமல் 'புதிதாக ஏதாவது வந்ததா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு டோக்கனுக்கு ஒரே ஒருவர்தான் அப்படிக் கேட்கலாம். இன்னொருவர் கேட்டால் 409 என்ற மோதல் பிழை வரும். ஒத்திகைக்கு ஒரு கன்டெய்னர், நிஜப் பணத்துக்கு ஒரு கன்டெய்னர் என்று ஓட்டுகிறவர்கள் ஒரே டோக்கனை இரண்டிலும் ஒட்டிவிட்டு, கட்டளைகள் சில நேரம் வேலை செய்கின்றன, சில நேரம் செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதன் பின்கதை இதுதான். இரண்டு பாட்கள் உருவாக்குங்கள். செலவு ஏதும் இல்லை. ஒத்திகை பாட்டின் பெயரிலேயே 'ஒத்திகை' என்று போட்டுவிடுங்கள், படமும் வேறாக இருக்கட்டும். அரைத்தூக்கத்தில் 'விற்றாகிவிட்டது' என்று படிக்கும்போது எது கற்பனைப் பணம், எது சொந்தப் பணம் என்பது ஒரு பார்வையில் தெரிய வேண்டும்.

குழுவில் அறிவிப்பு வேண்டுமானால் இரண்டு கண்ணிகள். குழு ஐடி கழித்தல் குறியோடு தொடங்கும்; நகலெடுக்கும்போது அந்தக் குறி விடுபட்டுவிடும். சாதாரணக் குழு பின்னால் சூப்பர்குழுவாக மாறும்போது ஐடியே மாறிவிடும், புதிய ஐடி கழித்தல் 100 என்று தொடங்கும். நேற்றுவரை வந்த செய்தி இன்று நின்றுபோனால் முதலில் இதைப் பாருங்கள். இன்னொன்று, குழுவின் ஐடியைக் கொடுத்தால் குழுவில் இருக்கும் எல்லோரும் உங்கள் பாட்டுக்குக் கட்டளையிடலாம். மைத்துனரைச் சேர்த்திருந்தால் மைத்துனரும் உங்கள் பொசிஷனை (வாங்கி இன்னும் விற்காமல் வைத்திருப்பதை) மூடலாம். புதிய பதிப்புகளில் இன்னார்தான் கட்டளையிடலாம் என்று பட்டியல் கொடுக்க வழி இருக்கிறது. ஆனாலும் என் பரிந்துரை தனி உரையாடல்தான்.

வாட்ஸ்அப் கேள்விக்குச் சுருக்கமான பதில்: முடியும், ஆனால் இந்த வேலைக்கு அது தேவையில்லாத சுமை. முறையான வழி வணிகக் கணக்கு. வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புருச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். உங்கள் பாட்டுக்கு வாடிக்கையாளர் நீங்கள் ஒருவர்தான், தினமும் அதற்கு 'ஹலோ' சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அதிகாரபூர்வமற்ற குறுக்குவழிகளில் போனால் எண் முடக்கப்படலாம். டெலிகிராம் பிடிக்கவில்லை என்றால் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியின் வெப்ஹூக் (நிரல் செய்தி போடுவதற்கான முகவரி) நல்லது. ஃப்ரீக்டிரேட் அதை நேரடியாக ஆதரிக்கிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை. செய்தி வரும், கட்டளை அனுப்ப முடியாது.

டோக்கனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டெலிகிராமுக்குப் போகும் ஒவ்வொரு அழைப்பிலும் முகவரிக்குள்ளேயே டோக்கன் இருக்கிறது. நீங்களே எழுதிய பைத்தான் நிரலில் இணைப்பு அறுந்தால், பிழைச் செய்தி அந்த முகவரியை முழுதாக லாகில் எழுதிவைக்கும். அந்த லாகை அப்படியே எடுத்து 'யாராவது உதவுங்கள்' என்று பொதுவெளியில் ஒட்டினால் டோக்கனும் கூடவே போய்விடும். கையில் டோக்கன் கிடைத்தவர் உங்கள் கணக்கில் ஆர்டர் போட முடியாது, ஏனென்றால் ஃப்ரீக்டிரேட் உங்கள் சாட் ஐடியிலிருந்து வரும் கட்டளையைத்தான் ஏற்கும். ஆனால் உங்கள் பாட்டின் பெயரில் உங்களுக்கே செய்தி அனுப்பலாம்: 'எக்ஸ்சேஞ்ச் சாவி காலாவதி, இங்கே புதுப்பிக்கவும்'. மாதக்கணக்காக நம்பிப் பழகிய பாட்டிடமிருந்து வரும் செய்தியை யார் சந்தேகிப்பார்கள்? சந்தேகம் வந்த நிமிடமே பாட்ஃபாதரில் 'ரிவோக்' கட்டளை கொடுத்துப் புது டோக்கன் வாங்கிவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் சாவியில் (கிரிப்டோ சந்தையில் உள்ள உங்கள் கணக்கை மென்பொருள் இயக்கும் சாவி) பணம் எடுக்கும் அனுமதி இருக்கவே கூடாது என்பதை நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இனி எந்த அறிவிப்பு, எவ்வளவு என்ற கேள்வி. நான் பெரிதாகச் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது.

புதிதாக அமைக்கிறவர்கள் எல்லோரும் எல்லாவற்றையும் திறந்துவைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆர்டர் போட்டது, ஆர்டர் நிறைவேறியது, ரத்தானது, விற்க முயன்றது, விற்றது எல்லாவற்றுக்கும் 'டிங்'. முதல் வாரம் ஆனந்தம். இரண்டாம் வாரம் சாப்பாட்டு மேசையில் மனைவி முறைப்பது. மூன்றாம் வாரம் அந்த உரையாடலை ஊமையாக்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகு உங்களிடம் அறிவிப்பு ஏற்பாடு என்று ஒன்று இல்லை. இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருக்கும்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். புதிய நிரலை 8 சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது, ஒன்றில் விடுபட்டுவிட்டது. சந்தை திறந்தபின் அந்த ஒரு சர்வர் பழைய, கைவிடப்பட்ட நிரல்துண்டை ஓட்டி ஆர்டர்களைக் கொட்டத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். பலருக்குத் தெரிந்த கதை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில் உள்ள ஒரு விவரம்தான் நமக்கு முக்கியம். சந்தை திறப்பதற்கு முன்பே, காலை எட்டு மணி வாக்கிலிருந்து, அந்தக் கோளாறைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருக்கின்றன. அவை எச்சரிக்கையாகக் கருதி வடிவமைக்கப்பட்டவை அல்ல. பொதுவாக யாரும் அவற்றைப் படிப்பதும் இல்லை. கையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது, தகவலும் வந்து கிடந்தது.

ஆகவே நான் ஓர் அறிவிப்பைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இதுதான்: இது வந்தால் நான் எழுந்து ஏதாவது செய்வேனா? செய்ய மாட்டேன் என்றால் அது மௌனமாக வரட்டும். ஃப்ரீக்டிரேட்டின் அறிவிப்பு அமைப்பில் ஒவ்வொரு வகைக்கும் மூன்று நிலைகள் உண்டு: ஒலியோடு, ஒலியில்லாமல், வேண்டவே வேண்டாம். என்னுடைய அமைப்பில் ஆர்டர் போட்ட செய்தி அணைக்கப்பட்டிருக்கிறது, நிறைவேறிய செய்தி ஒலியில்லாமல் வருகிறது. ஒரே கொள்முதலுக்கு இரண்டு செய்தி எதற்கு? லாப இலக்கில் விற்றால் ஒலியில்லை. நல்ல செய்தி காலையில் தெரிந்தால் போதும். ஸ்டாப் லாஸில், அதாவது நஷ்டம் குறித்த எல்லையைத் தொட்டதால், விற்றால் ஒலி உண்டு. 'எமர்ஜென்சி எக்ஸிட்' கட்டாயம் ஒலியோடு. எக்ஸ்சேஞ்சில் ஸ்டாப் லாஸ் ஆர்டரை வைக்க முடியாமல் போனதால் மென்பொருள் அவசரமாக விற்றது என்று அதற்குப் பொருள். உத்தியின் (எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற விதிகளின்) தவறு இல்லை, அடிப்படையில் ஏதோ உடைந்திருக்கிறது. 'வார்னிங்' வகையும் ஒலியோடு.

'ஸ்டார்ட்அப்' செய்தியைப் பலர் தொல்லை என்று அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். ஃப்ரீக்டிரேட் தரும் டாக்கர் கோப்பில், மென்பொருள் விழுந்தால் தானாக எழுப்பும்படி எழுதியிருக்கிறது. நீங்கள் தொடாதபோது அதிகாலை 3 மணிக்குத் தொடக்கச் செய்தி வந்தால் அது விழுந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் நான்கு முறை வந்தால் விழுந்து விழுந்து எழுகிறது. வேறெந்தச் செய்தியும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நேரத்தையும் கவனியுங்கள். ஃப்ரீக்டிரேட் உலகப் பொது நேரத்தில் வாழ்கிறது. அதன் 'டெய்லி' கட்டளை காட்டும் ஒரு நாள், இந்திய, இலங்கை நேரப்படி காலை 5:30க்குத் தொடங்கி மறுநாள் காலை 5:30க்கு முடிகிறது. நாள் கேண்டில் (ஒரு நாளின் விலை நகர்வைக் காட்டும் வரைபடக் கட்டை) மூடுவதும் அப்போதுதான். அதனால் நாள் கேண்டிலை வைத்து முடிவெடுக்கும் உத்திகளின் செய்திகள் எல்லாம் விடியற்காலையில் கொத்தாக வரும், பயந்துவிடாதீர்கள். பாட் காட்டும் லாபக் கணக்கில் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் அடங்கும், இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்தின்மீது விழும் 30 சதவீத வரி அடங்காது. நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது என்பதால், பாட் 'மொத்தத்தில் லாபம்' என்று சொல்லும் மாதத்தில்கூட வரிக்குப் பின் கையைக் கடிக்கலாம். இது அறிவிப்பு சம்பந்தப்பட்டதில்லை, இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

ஃப்ரீக்டிரேட்டுக்கு முன்னால் நானே எழுதிய நிரல் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் பட்ட அடி ஒன்றைச் சொன்னால் மற்றது எளிதாகப் புரியும். செய்திகள் அழகாக, தடித்த எழுத்தோடு வர வேண்டும் என்று டெலிகிராமின் மார்க்டவுன் முறையில் அனுப்பினேன். அந்த முறையில் அடிக்கோட்டுக் குறிக்குச் சாய்வெழுத்து என்று பொருள். ஒன்று திறந்தால் இன்னொன்று மூட வேண்டும். வாங்கியது, விற்றது என்ற என் வழக்கமான செய்திகளில் அடிக்கோடே இல்லாததால் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக வந்தது. ஓரிரவு ஸ்டாப் லாஸ் ஆர்டரை எக்ஸ்சேஞ்ச் மறுத்தது. அது திருப்பி அனுப்பிய பிழை வாசகத்தில் ஒரே ஓர் அடிக்கோடு. அதை அப்படியே செய்தியில் ஒட்டி அனுப்பியது என் நிரல். மூடாத குறி இருக்கிறது என்று டெலிகிராம் 400 பிழையோடு நிராகரித்தது. அந்த நிராகரிப்பையும் என் நிரல் பிடித்து லாகில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தது. காலையில் கைப்பேசியைப் பார்த்தேன், ஒரு செய்தியும் இல்லை. சந்தை அமைதி போலிருக்கிறது என்று காப்பி குடித்துவிட்டுத்தான் கணினியைத் திறந்தேன். லாகில் அதே வரி நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலை போயிருந்தது.

நல்ல நாளில் மட்டும் வேலை செய்யும் அறிவிப்பை நான் கட்டியிருந்தேன். சொந்த நிரல் எழுதுகிறவர்கள் பிழைச் செய்திகளை எந்த அலங்காரமும் இல்லாமல் வெற்று வாசகமாக அனுப்புங்கள். அலங்காரம் வேண்டுமென்றால் எச்டிஎம்எல் முறையில், கோணக் குறிகளையும் 'அண்ட்' குறியையும் மாற்றி எழுதிய பிறகு அனுப்புங்கள். ஒரு செய்தியின் உச்ச நீளம் 4096 எழுத்து; முழுப் பிழைத் தடத்தையும் ஒட்டினால் எளிதாகத் தாண்டிவிடும், வெட்டி அனுப்புங்கள். ஒரே உரையாடலுக்கு நொடிக்கு ஒரு செய்திக்கு மேல், குழுவுக்கு நிமிடத்துக்கு 20க்கு மேல் போனால் 429 பிழை வரும். எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆர்டர் போடும் சுழற்சிக்குள்ளேயே செய்தியையும் அனுப்பாதீர்கள். பைத்தானின் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்துக்கு நீங்கள் கால வரம்பு கொடுக்காவிட்டால் அது பதிலுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்துக்கொண்டு நிற்கும். டெலிகிராம் தாமதிக்கிறது என்பதற்காக உங்கள் ஸ்டாப் லாஸ் தாமதிக்கலாமா? செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, தனி இழை (த்ரெட்) ஒன்று அதை எடுத்து அனுப்பட்டும். ஃப்ரீக்டிரேட் பயன்படுத்தும் உங்களுக்கு இந்தப் பத்தியின் கவலைகளில் பெரும்பகுதி இல்லை.

ஆனால் ஃப்ரீக்டிரேட்டாலும் தீர்க்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. சர்வரே நின்றுபோனால் 'நான் நின்றுவிட்டேன்' என்று செய்தி அனுப்ப அங்கே யாரும் இல்லை. உங்கள் கைப்பேசியில் அமைதிச் சந்தையும் செத்த சர்வரும் ஒரே மாதிரிதான் தெரியும். தினமும் காலை 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு செய்தி வரவைப்பது சிலரின் வழி. அது வராத நாளில் வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டுமே! பத்து நாள் கவனிப்பீர்கள், பதினோராம் நாள் மறந்துவிடுவீர்கள்.

தலைகீழாகச் செய்ய வேண்டும். வெளியே, வேறொரு கூரையின் கீழ் ஒரு காவலாளி இருக்க வேண்டும். மென்பொருள் குறித்த இடைவெளியில் அவனிடம் கையெழுத்துப் போட வேண்டும். போடத் தவறினால் அவன் உங்களை எழுப்ப வேண்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்காகவே இருக்கின்றன, ஒரு பாட்டுக்கு இலவசக் கணக்கே போதும். அது ஒரு முகவரியைக் கொடுக்கும். அதை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்தால் போதும். இன்னொரு 5 நிமிடம் சலுகை வைத்தால், கடைசி அழைப்பிலிருந்து 10 நிமிடத்தில் அலாரம் அடிக்கும்.

ஃப்ரீக்டிரேட்டில் இந்த அழைப்பை எங்கே வைப்பது? சர்வரின் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் ஏற்பாடு) வைக்காதீர்கள். மென்பொருள் செத்தாலும் கிரான் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாம் நலம் என்று பொய்க் கையெழுத்துப் போடும். உத்திக் கோப்பில் 'பாட் லூப் ஸ்டார்ட்' என்ற செயற்கூறு இருக்கிறது. ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும், ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை, அது அழைக்கப்படும். கடைசியாக அழைத்த நேரத்தை நினைவில் வைத்து 5 நிமிடம் கடந்திருந்தால் மட்டும் அந்த முகவரியை அழையுங்கள். கால வரம்பு 3 நொடி. தோற்றால் சத்தம் போடாமல் அடுத்த வேலைக்குப் போகட்டும். பழைய விலைகளில் உத்தியைச் சோதிக்கும் பேக்டெஸ்ட் ஓட்டும்போதும் இந்தச் செயற்கூறு கேண்டிலுக்கு ஒருமுறை அழைக்கப்படும் என்பதால், நேரடி ஓட்டமா ஒத்திகையா என்று ஓட்ட நிலையைப் பார்த்து, வேறு நிலையாக இருந்தால் வெளியேறிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மடிக்கணினி செத்த சர்வருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். அலாரம் வரும் வழியாக டெலிகிராமை மட்டும் வைக்காதீர்கள், மின்னஞ்சலும் இருக்கட்டும்; டெலிகிராமே படுத்துக்கொள்ளும் நாளும் வரும்.

கட்டளைகளில் ஒன்றே ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் எல்லோரும் தவறாக அழுத்துவது அதைத்தான். சந்தை சரிகிறது, பாட்டை நிறுத்தலாம் என்று 'ஸ்டாப்' அனுப்புவார்கள். 'ஸ்டாப்' திறந்திருக்கும் பொசிஷன்களை மூடாது. சுழற்சியை நிறுத்திவிடும், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சிலேயே ஸ்டாப் லாஸ் ஆர்டர் வைக்காதவராக இருந்தால், உங்கள் பொசிஷனைப் பார்த்துக்கொள்ள அந்த நிமிடத்திலிருந்து யாரும் இல்லை. உங்களுக்குத் தேவை 'ஸ்டாப் என்ட்ரி': புதிதாக வாங்காது, இருப்பதை வழக்கம்போல் கவனித்து விற்கும். இப்போதே எல்லாம் வேண்டாம் என்றால் 'ஃபோர்ஸ் எக்ஸிட்' கட்டளையை 'ஆல்' என்ற சொல்லோடு அனுப்புங்கள். இந்த மூன்றையும் ஒத்திகை பாட்டில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கைப்பேசிப் பக்கத்திலும் வேலை உண்டு. ஆண்ட்ராய்டில் டெலிகிராமின் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்; திரை அணைந்திருக்கும்போது செய்தி தாமதமாவது பெரும்பாலும் அதனால்தான். நிஜ பாட்டின் உரையாடலுக்கு மட்டும் தனி ஒலி வையுங்கள், குடும்பக் குழுவின் காலை வணக்கத்தோடு அது கலக்கக் கூடாது. இரவு 'தொந்தரவு செய்யாதே' நிலையைப் போடுகிறவரா? அதில் டெலிகிராமுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, நிஜ பாட்டையும் அலாரம் வரும் உரையாடலையும் தவிர மற்றவற்றை டெலிகிராமுக்குள்ளேயே ஊமையாக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒத்திகை நிலையில், படுக்கப் போகும் முன் சர்வரில் கன்டெய்னரை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். பத்து நிமிடத்தில் அது உங்களை எழுப்பினால், திங்கட்கிழமை நிஜப் பணத்துக்கு மாற்றலாம். நான் முதல்முறை செய்தபோது எழுந்தது மனைவி. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். ஒலியை மாற்றினேன்.